பத்து வார கிரிட்டிக்கல் திங்கிங் வகுப்பு: வீடியோ சுமார், நோட்டுதான் சொத்து

வகுப்பு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. முடிந்த கையோடு எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். அப்போது எல்லாமே புதிதாக இருந்தது, எல்லாமே மண்டையில் ஏறிவிட்டது போலவும் இருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் பாதி உதிர்ந்துவிட்டது, மீதிப் பாதி பழக்கமாக ஒட்டிக்கொண்டது. எது உதிர்ந்தது, எது நின்றது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நடத்துகிறவர்களின் பெயர் வேண்டாம், குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு இதே அச்சில் வார்த்த வகுப்புகள் ஏராளமாக வந்துவிட்டன, நீங்கள் எதில் சேர்வதாக இருந்தாலும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வீடியோவை அனுப்பினேன். ரத்த அழுத்த மாத்திரை பற்றி டாக்டர் போல ஒருவர் பேசியது, கேட்க நியாயமாகவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சித்தி மாத்திரையை நிறுத்திவிட்டார். பதினோரு நாள். அழுத்தம் எகிறி, தலைசுற்றிக் கீழே விழுந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், என்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஆனால் படித்த பையன் அனுப்பியிருக்கிறான், பார்த்துத்தான் அனுப்பியிருப்பான் என்று நம்பித்தானே நிறுத்தினார்? அந்த வாரமே பணம் கட்டிச் சேர்ந்தேன்.

வாரத்துக்கு இரண்டு வீடியோ, ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து நிமிடம். சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் நேரலையில் குழு வகுப்பு, எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர். கூடவே பிடிஎஃப் வடிவில் ஒரு பயிற்சி நோட்டு. கடைசியில் தேர்வு, சான்றிதழ். விளம்பரத்தில் வீடியோவைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள், நோட்டைப் பற்றி ஒரே ஒரு வரி. என் அனுபவத்தில் இது அப்படியே தலைகீழ்.

முதல் நான்கு வாரமும் யோசனையில் வரும் பிழைகளின் பெயர்ப் பட்டியல்தான். உறுதிப்படுத்தும் சாய்வு (ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமானதையே தேடுவது), நங்கூர விளைவு, ஆளைத் தாக்கும் வாதம், வைக்கோல் பொம்மை வாதம் (எதிராளி சொன்னதைத் திரித்து வைத்துக்கொண்டு அதை அடிப்பது), போலி இருமை (இரண்டே வழி இருப்பது போலப் பேசுவது) என்று முப்பதுக்கு மேல். சுவாரசியமாகத்தான் சொல்லித் தருகிறார்கள், அதில் குறையில்லை. நங்கூர விளைவுக்கு உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-ல் எழுதியதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆய்வில் ஒரு எண் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள், அது 10 அல்லது 65-ல் மட்டும் நிற்கும்படி முன்கூட்டியே செய்து வைத்தது. பிறகு ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். 10 பார்த்தவர்கள் சொன்னதன் நடுமதிப்பு 25, 65 பார்த்தவர்கள் சொன்னது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தும் அந்த எண் பதிலைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இதையெல்லாம் கேட்கும்போது புத்தி கூர்மையாகிக்கொண்டே போவது போல ஒரு நினைப்பு வருகிறது.

அந்த நினைப்புதான் ஆபத்து என்பது மூன்றாவது வாரத்திலேயே தெரிந்தது. அப்பா தனியாக இருக்கிறார், வயதாகிவிட்டது, என்ன செய்வது என்று அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு நீ இங்க வரணும், இல்லேன்னா நான் வேலைய விடணும், வேற என்னடா வழி?" என்றாள். நான் சட்டென்று, "அக்கா, நீ சொல்றது போலி இருமை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேரெல்லாம் சரிடா. மூணாவது வழி என்ன? அதைச் சொல்லு" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் வாதத்தில் ஓட்டை இருந்தது உண்மைதான், ஆனால் அந்த ஓட்டைக்குப் பெயர் வைத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. அவள் அவ்வளவு நாள் சுமந்த கவலையை ஒரு பரீட்சைக் கேள்வி மாதிரி திருத்திக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நாள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து வழிகளைப் பட்டியல் போட்டோம், ஐந்து வந்தது. பெயர் தெரிந்ததால் வந்தவை அல்ல அவை, உட்கார்ந்து தேடியதால் வந்தவை.

இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான். பெயர்களைக் கற்றுக்கொண்டால் அடுத்தவர் தப்பு பளிச்சென்று தெரியும், நம் தப்பு அப்படியே இருட்டில் கிடக்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிடிவாதம் பிடிப்பவரைப் பார்த்து நாம் சொல்வதே இன்னொரு மூன்று கால் முயலாக இருக்கலாம். நம் யோசனையை மாற்றுவது செய்முறை மட்டும்தான்.

இதற்கு ஆதாரம் அந்த வகுப்பிலேயே இருக்கிறது, நாற்பது வினாடிகளில் தாண்டிப் போய்விடுகிறார்கள். சார்ல்ஸ் லார்ட், மார்க் லெப்பர், எலிசபெத் பிரஸ்டன் மூவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு. மரண தண்டனை குற்றங்களைக் குறைக்கிறதா என்பது பற்றி இரண்டு ஆய்வுகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், ஒன்று ஆம் என்றது, மற்றது இல்லை என்றது. படிப்பவர்களில் தண்டனையை ஆதரிப்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. ஒரு பிரிவினரிடம், நீதிபதி போல நடுநிலையாக இருந்து மதிப்பிடுங்கள் என்று சொன்னார்கள். ஒரு பலனும் இல்லை, அவரவர் கட்சிக்குச் சாதகமான ஆய்வே நல்ல ஆய்வாகத் தெரிந்தது. இன்னொரு பிரிவினரிடம், இதே ஆய்வு இதே முறையில் நடந்து முடிவு மட்டும் எதிர்ப்பக்கமாக வந்திருந்தால் இதே மதிப்பெண்தான் போட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாய்வு நன்றாகவே குறைந்தது. நேர்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் போதவில்லை, குறிப்பிட்ட ஒரு கேள்வி தேவைப்பட்டது. நானாக இருந்தால் இந்த ஒரு ஆய்வை வைத்தே முதல் வாரத்தைத் தொடங்கியிருப்பேன்.

ஐந்தாம் வாரத்திலிருந்து வகுப்பின் தரமே மாறுகிறது, ஏனென்றால் அங்கேதான் நோட்டு ஆரம்பிக்கிறது. முதல் குழுப் பயிற்சி உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-ல் வெளியிட்டது. பயிற்றுநர் மனத்தில் ஒரு விதி இருக்கிறது, 2, 4, 6 என்ற மூன்று எண்கள் அதற்குப் பொருந்தும். நாம் வேறு மூன்று எண்கள் சொல்லலாம், பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் பதில் வரும். நான் 8, 10, 12 என்றேன், பொருந்தியது. 20, 22, 24 பொருந்தியது. 100, 102, 104-ம் பொருந்தியது. இரண்டு இரண்டாகக் கூடும் எண்கள் என்று உறுதியாகச் சொன்னேன், தவறு என்றார். எங்கள் குழுவில் பேசவே தயங்கும் ஒரு அம்மா, ஓய்வு பெற்றவர், "6, 4, 2 சொல்லட்டுமா சார்?" என்றார். பொருந்தவில்லை. "1, 2, 50?" பொருந்தியது. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் சரி, அவ்வளவுதான் விதி. நான் கேட்டதெல்லாம் ஆமாம் என்ற பதில் வரும் என்று தெரிந்தே கேட்ட கேள்விகள். இல்லை என்று வருமா பார்ப்போம் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். வேசனிடம் வந்த 29 பேரில் 6 பேர்தான் தவறான விதி எதையும் சொல்லாமல் நேராகச் சரியான விதிக்கு வந்தார்களாம், அதனால் நான் விதிவிலக்கில்லை. ஆனால் அந்த அம்மாவின் "6, 4, 2 சொல்லட்டுமா" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. புதிதாக ஒன்றை நம்பத் தொடங்கும்போதெல்லாம், இது பொய்யாக இருந்தால் எது கண்ணில் படும், அதைத் தேடினேனா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து கணிப்பு நோட்டு. இந்த வகுப்பில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம்: தேதி, என்ன நடக்கும், எத்தனை சதவீதம் நிச்சயம், எப்போது தெரியும், என்ன நடந்தது. தினமும் ஒன்றாவது எழுத வேண்டும். உலக விஷயம் எதுவும் வேண்டாம், நம் வாழ்க்கையில் நடப்பதே போதும். அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், 90. இந்த மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தி முடிப்பேன், 90. மேனேஜர் விடுமுறைக்குச் சம்மதிப்பார், 60. நாள் வந்ததும் நடந்ததா இல்லையா என்று எழுதி மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் முறை கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950-ல் கொடுத்தது, கணக்கு எளிது. நாம் சொன்ன வாய்ப்பிலிருந்து நடந்ததைக் கழித்து (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) வர்க்கப்படுத்த வேண்டும். 90 சதவீதம் என்று சொல்லி நடந்துவிட்டால் 0.01, நடக்காவிட்டால் 0.81. எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று சொல்லித் தப்பித்தால் எப்போதும் 0.25. குறைவாக இருந்தால் நல்லது. அதாவது அதீத நிச்சயத்துக்குத் தண்டனை பலமாக விழும், மழுப்பலுக்கும் கொஞ்சம் விழும்.

மூன்று மாதம் எழுதிய பிறகு கூட்டிப் பார்த்தேன். 60 என்று எழுதியவை 25, அதில் 15 நடந்திருக்கிறது, அப்பழுக்கில்லாமல் 60 சதவீதம். 90 என்று எழுதியவை 31, நடந்தவை 20. அதாவது நான் நிச்சயமே என்று நினைப்பது மூன்றில் இரண்டு தடவைகூட நடக்கவில்லை. இதைவிட முக்கியம், தவறிய அந்தப் 11-ல் 8 ஒரே வகை, "இத்தனை நாளில் முடித்துவிடுவேன்" என்று என்னைப் பற்றி நானே சொன்னவை. அடுத்தவர் என்ன செய்வார் என்பதை ஓரளவு சரியாகவே கணிக்கிறேன், என் நேரத்தைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இது எனக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் 1994-ல் எழுதிய ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்ன மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் இதைப் படிப்பது வேறு, என் கையெழுத்தில் எட்டு வரிகள் வரிசையாக இருப்பதைப் பார்ப்பது வேறு. இப்போது யாராவது எப்போது முடியும் என்று கேட்டால், இதேபோன்ற வேலை போன தடவை எத்தனை நாள் எடுத்தது என்று நோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். அலுவலகத்தில் இதற்கே ஒரு மரியாதை வந்திருக்கிறது.

ஏழாம் வாரம் மருத்துவப் பரிசோதனைக் கணக்கு. ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு உண்டு. பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத் தவறாக இருக்கிறது என்று காட்டும். உங்களுக்கு இருக்கிறது என்று வந்தால் உண்மையில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? எங்களில் ஆறு பேர் 80, 90 என்று எழுதினோம். சதவீதத்தை ஓரம் வைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள் என்றார் பயிற்றுநர். ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய், அதில் 9 பேர் மாட்டுவார்கள். மிச்சம் 990 பேரில் 9 சதவீதம், சுமார் 89 பேர், நோயில்லாமலே மாட்டுவார்கள். ஆக மொத்தம் 98 பேருக்கு இருக்கிறது என்று வரும், அதில் நிஜமாகவே உள்ளவர்கள் 9 பேர், பத்தில் ஒருவர்கூட இல்லை. இப்படி ஆட்களாக எண்ணினால் மனிதர்களுக்குச் சட்டென்று புரிகிறது என்று கெர்ட் கிகெரென்சரும் உல்ரிச் ஹோஃப்ராகும் 1995-ல் காட்டியிருக்கிறார்கள், எங்கள் கண் முன்னாலேயே அது நடந்தது.

வகுப்பு முடிந்த இரண்டாவது மாதம் அப்பாவுக்கு ஒரு முதற்கட்டப் பரிசோதனையில் சந்தேகம் என்று வந்தது. வீடே இடிந்து போயிருந்தது. நான் ஒரு தாளில் ஆயிரம் பேர் கணக்கை வரைந்துகொண்டு டாக்டரிடம், இந்த வயதில் எத்தனை பேருக்கு இது இருக்கும், இந்தப் பரிசோதனை எத்தனை பேருக்குத் தவறாகக் காட்டும் என்று இரண்டே கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாக எண்களைச் சொன்னார், அடுத்த பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம் என்றார். அடுத்த பரிசோதனை வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அப்பா அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முடிவு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. வேறு மாதிரி வந்திருந்தாலும் அந்த ஒன்பது நாளுக்காக இந்த வகுப்புக்கு நான் நன்றி சொல்வேன்.

சித்தி விஷயத்துக்கு விடை எட்டாவது வாரத்தில் கிடைத்தது, பக்கவாட்டு வாசிப்பு என்று சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரை வைத்துப் பார்த்தார்கள்: 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். முன்பின் தெரியாத இணையதளத்தைக் கொடுத்தால், ஆய்வாளர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழே கவனமாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள். நான் செய்த தப்பு துல்லியமாக இதுதான். அந்த டாக்டர் வீடியோவை இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன், பேச்சு கோவையாக இருக்கிறதா என்று கவனித்தேன். அவர் பெயரைப் போட்டு ஒரு நிமிடம் தேடவில்லை. இப்போது தேடிப் பார்த்தேன், அவர் டாக்டரே இல்லை.

சரி, குறைகள். வீடியோக்களில் சரிபார்க்காத சரக்கு இருக்கிறது, இந்த விஷயத்தைச் சொல்லித் தருகிறவர்களுக்கு இது அழகில்லை. டன்னிங்-க்ரூகர் விளைவு என்று ஒரு படம் போடுகிறார்கள், கொஞ்சம் தெரிந்ததுமே தன்னம்பிக்கை மலை உச்சிக்குப் போய், அப்புறம் பள்ளத்தில் விழுந்து, மெல்ல ஏறுவது போல ஒரு வளைகோடு. டன்னிங், க்ரூகர் இருவரும் 1999-ல் எழுதிய கட்டுரையில் அப்படி ஒரு வளைகோடே கிடையாது. அதில் இருப்பது குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே நினைத்துக்கொண்டார்கள் என்பது, மலையும் பள்ளமும் பிறகு யாரோ சேர்த்தது. இன்னொரு வீடியோவில், ஒருவரிடம் அவர் நம்புவது தவறு என்று ஆதாரம் காட்டினால் இன்னும் பிடிவாதமாகத்தான் நம்புவார் என்று அடித்துச் சொல்கிறார்கள். 2010-ல் பிரெண்டன் நைஹானும் ஜேசன் ரைஃப்லரும் அப்படி ஒன்றைக் கண்டது உண்மை, ஆனால் 2019-ல் தாமஸ் உட்டும் ஈதன் போர்ட்டரும் 10,000 பேருக்கு மேல் வைத்து 52 விஷயங்களில் தேடியும் அது தலைகாட்டவில்லை. இது சின்ன விஷயமில்லை. திருத்திப் பயனில்லை என்று நம்பிவிட்டால் யார்தான் திருத்த முயற்சி செய்வார்கள்? சித்தியிடம் நான் தவறான வீடியோ அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும் அடுத்த வேளையே மாத்திரை போட்டார்.

இரண்டையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். எளிமைக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்று மூன்று வரியில் பதில் வந்தது, வீடியோ இன்றுவரை மாறவில்லை. குழுப் பயிற்றுநர் மட்டும் அடுத்த சனிக்கிழமை தானாகவே இதை எடுத்து, நானும் சரிபார்க்காமல் சொல்லிவந்திருக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அந்த ஐந்து நிமிடம் நாற்பது வீடியோவுக்குச் சமம்.

தேர்வு வீண். நாற்பது கேள்வி, எல்லாம் இந்த வாதத்தில் உள்ள பிழையின் பெயர் என்ன வகை. 38 வாங்கினேன். அக்காவிடம் அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலும் இதே 38 வாங்கியிருப்பேன். கணிப்பு நோட்டுக்கோ குழுவில் கேட்ட கேள்விகளுக்கோ மதிப்பெண்ணே இல்லை.

இன்னொரு பெரிய இடைவெளி, யோசிக்கும் திறனைத் தனிப் பொருள் மாதிரி பேசுவது, ஒருமுறை கற்றுக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம் என்பது போல. உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2007-லேயே எழுதியிருக்கிறார், அந்தந்த விஷயத்தைப் பற்றிய அறிவு இல்லாமல் அதில் நன்றாக யோசிக்க முடியாது என்று. அப்பாவின் பரிசோதனையில்கூட எனக்குக் கேள்விதான் தெரிந்தது, எண்கள் டாக்டரிடம் இருந்தன. நமக்குத் தெரியாத துறையில் யாரை நம்புவது, எவ்வளவு நம்புவது என்பதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும், ஒரே ஒரு வீடியோதான் இருக்கிறது. கோபத்தில், தூக்கமில்லாத இரவில், அவசரத்தில் எடுக்கும் முடிவுகளைப் பற்றி ஒன்றுமே இல்லை, நான் பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. வீடியோ மட்டும் தரும் மலிவான திட்டம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அதை வாங்காதீர்கள். குழு வகுப்போடு வருவதை எடுத்தால் பணம் வீணாகாது, முதல் நான்கு வாரத்தை வேகமாக ஓட்டிவிட்டு ஐந்திலிருந்து ஊன்றிச் செய்யுங்கள். வேறு வகுப்பு பார்க்கிறவர்கள் சேரும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: குழுவில் எத்தனை பேர், நாம் எழுதியதை யாராவது படித்துப் பார்ப்பார்களா, தங்கள் பாடத்தில் தவறு கண்டுபிடித்தால் திருத்துவார்களா. மூன்றாவதற்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள்.

அக்காவுக்கும் நோட்டின் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். "தம்பி அடுத்த மாசம் வந்து அப்பாவோட பத்து நாள் இருப்பான்" என்று எழுதி எதிரே 70 போட்டிருக்கிறாள். டிக்கெட் எடுத்துவிட்டேன்.